டட்லியில் டங்கன் எட்வர்ட்ஸைத் தேடி

பர்மிங்காமிலிருந்து டட்லிக்கு பஸ்ஸில்தான் போனேன். அந்த ஊர் ரயில் நிலையத்தை 1964-லேயே மூடிவிட்டார்கள். குன்றின் மேல் பழைய கோட்டை, அதன் வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை. வெளியூர்க்காரர்கள் வருவது அதற்காகத்தான். நான் போனது, இந்த ஊரில் பிறந்து 21 வயதிலேயே இறந்துபோன கால்பந்துக்காரர் டங்கன் எட்வர்ட்ஸுக்காக.

கடைத்தெருவிலேயே சிலையாக நிற்கிறார். 1999-ல் அவர் அம்மாவும் பழைய தோழர் பாபி சார்ல்டனும் சேர்ந்து திறந்துவைத்த சிலை. மான்செஸ்டர் யுனைடெட் முதல் அணியில் இறங்கியபோது எட்வர்ட்ஸுக்கு 16 வயது. இங்கிலாந்துக்கு ஆடியபோது 18. அந்த முதல் ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்தை 7-2 என்று இங்கிலாந்து துவைத்தெடுத்தது. உயிரோடு இருந்திருந்தால் 1966-ல் இங்கிலாந்து வென்ற உலகக் கோப்பையை அணித் தலைவராக அவர்தான் வாங்கியிருப்பார் என்பார்கள். இந்த 'இருந்திருந்தால்' கணக்கில் எனக்கு அவ்வளவு ருசியில்லை. யுனைடெட்டுக்கு 177 ஆட்டங்கள், 2 லீக் பட்டங்கள், நாட்டுக்கு 18 ஆட்டங்கள். 21 வயதுப் பையனுக்கு இதுவே ஏராளம்.

ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்த காலம் அது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்காக எட்வர்ட்ஸுக்கு 5 ஷில்லிங் அபராதம் விழுந்தது. அது போதாதென்று கிளப் வேறு இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது!

1958 பிப்ரவரியில் யுனைடெட் அணி பெல்கிரேடில் 3-3 என்று ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், எரிபொருள் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் பனிச்சேறு. மூன்றாவது முறை கிளம்ப முயன்றபோது விபத்து. 23 பேர் போனார்கள். எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் 15 நாள் தாக்குப்பிடித்தார். சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன.

ஸ்டோர்பிரிட்ஜ் சாலையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் அதிக நேரம் நின்றேன். கைக்குழந்தையாகவே இறந்துபோன தங்கையோடு அவரைப் புதைத்திருக்கிறார்கள். இரும்பாலை வேலையை விட்ட அப்பா கிளாட்ஸ்டன், பிறகு இதே இடத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். மகன் பக்கத்தில் இருக்கத்தான் வந்தார் என்று ஊர் பேசியது. அவரோ, வேலை மாற்ற வேண்டியிருந்தது, பூச்செடிகள் என்றால் எப்போதும் பிடிக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாராம். நான் அவர் சொன்னதையே நம்புகிறேன். ஆனாலும், மகனைப் பார்க்க வந்த அந்நியர்களுக்கு மண்வெட்டியும் கையுமாக அவர் வழிகாட்டியிருப்பாரே என்று நினைத்தபோது அங்கிருந்து நகர முடியவில்லை.

அப்புறம், அவர் வளர்ந்த பிரையரி குடியிருப்புப் பக்கம் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். அங்கே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் எட்வர்ட்ஸ் இருக்கிறார். புனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கால்சட்டை போட்ட கால்பந்துக்காரர்! 1961-ல் அந்த ஜன்னல்களைத் திறந்துவைத்தவர், அதே விபத்தில் படுகாயத்தோடு பிழைத்த யுனைடெட் மேலாளர் மேட் பஸ்பி. தேவாலயம் எந்நேரமும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.