கடைசிப் பேருந்துக்கு முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைச் சந்திப்பிலிருந்து மார்த்தாண்டம் வரை, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நாங்கள் நடத்திய முதல் ஊர்வலம் எங்கள் அலுவலகக் கோப்பில் வெற்றி என்றே பதிவாகியிருக்கிறது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். காவல்துறை விதித்த நிபந்தனை எதுவும் மீறப்படவில்லை. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படமும் வந்தது. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதில் இடம்பெறாத செய்தி மூன்று நாள் கழித்து, அண்டித்தோட்டின், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டின், கறை விரல்களில் கறுத்துக் கிடந்த ஒரு பெண்ணோடு எங்கள் அலுவலகப் படியேறி வந்தது. ஊர்வலத்துக்கு வந்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல் வீடு சேர்ந்ததற்காக அவருடைய கணவர் அவரை அடித்திருந்தார்.

"மக்ளே, அடி எனக்குப் புதுசு இல்ல. ஆனா அண்ணைக்கு உள்ள அடி உங்களுக்க கணக்குலதான் சேரணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். குற்ற வழக்கு தொடுக்காமலே பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம் என்று விளக்கியபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வீடு அவருக்க பேர்லல்லா இருக்கு, இறக்கி விட்டா?" வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேவைப்பட்டால் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். வற்புறுத்தக் கூடாது என்பது எங்கள் பணியின் முதல் பாடம். ஆனால் அன்று எனக்கு அது பாடமாகத் தோன்றவில்லை, தப்பிக்கும் வழியாகத்தான் தோன்றியது.

தாமதம் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்த்தால், ஊர்வலம் மாலை 4 மணிக்கு என்று முடிவு செய்த மேசையில்தான். எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலைகளில் செய்த வேலையின் அளவுக்குத்தான் கூலி. நேரத்தோடு கிளம்பினால் அன்றைய கூலி குறையும். ஆகவே அவர்கள் 5 மணிக்கு மேல்தான் வந்தார்கள். நவம்பர் மாதத்தில் 6 மணிக்கே இருட்டிவிடும், போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. மார்த்தாண்டத்தில் மேடையில் காத்திருந்த பேச்சாளர்கள் ஏழு பேரில் ஐவர் ஆண்கள். ஒவ்வொருவரும் முந்தையவரை வாழ்த்திவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

அந்தப் பேச்சுகளில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒன்று. ஒருவர் தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசினார். இதே மாவட்டத்துச் சந்தைகளிலும் தெருக்களிலும் மேலாடை அணிந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டதையும், 1859 ஜூலை 26 அன்று மேலாடையை அனுமதித்துத் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்ததையும் உணர்ச்சியோடு சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்துப் பேசிய பெண், வீட்டுக்குள் நடக்கும் அடியைப் பற்றியும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டத்தில் படிப்பு கூடக் கூட வரதட்சணைப் பவுனும் கூடுவதைப் பற்றியும் பேசியபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கிழித்தவர் வேறு யாரோ என்னும்போது கைதட்டுவது எளிது.

அடுத்த ஆண்டுக்கான வேலையை ஆகஸ்டிலேயே தொடங்கினோம். இம்முறை எங்கள் அலுவலகத்தில் கூடுவதை விட்டுவிட்டு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும் இடங்களுக்கு நாங்களே போனோம். நவம்பர் 25 என்ற தேதியை விளக்குவது என் பொறுப்பு. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி துருஹியோவை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவர் 1960இல் அந்த நாளில் கொல்லப்பட்டதையும், 1999இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளைப் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக அறிவித்ததையும் எத்தனையோ பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார்: "அவியளுக்க பிள்ளைகள யாரு வளத்தா?" நல்லவேளையாக எனக்கு விடை தெரிந்திருந்தது. தேதே என்ற நான்காவது சகோதரி உயிரோடிருந்து, அந்தப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். 2014 வரை வாழ்ந்தார். அதன்பிறகு அந்தக் குழுவில் தேதேயைப் பற்றித்தான் பேச்சு. கொல்லப்பட்ட மூவரையே எப்போதும் சொல்லிவந்த எனக்கு அது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

நேரத்தையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து, மீன்கறி வைத்து, வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு 3 மணிக்கு வருவார்கள். நாலரைக்கு முடித்துவிட வேண்டும். ஊர்வலம் 25ஆம் தேதியில்தான் நடக்க வேண்டும் என்று எங்கள் தலைமை அலுவலகம் சொன்னது. அந்த நாளில் தொடங்கி மனித உரிமை நாளான டிசம்பர் 10 வரை பதினாறு நாள் இயக்கமாகத்தான் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது, அதற்குள் வரும் ஒரு ஞாயிறு போதும் என்று நான் எழுதிய கடிதம், இத்தனை ஆண்டுப் பணியில் நான் எழுதியவற்றிலேயே பயனுள்ளது என்று நினைக்கிறேன். அனுமதி மனுவைப் பார்த்த காவல் ஆய்வாளருக்கோ ஞாயிறு என்றதில் பெரிய நிம்மதி. நெடுஞ்சாலையில் நெரிசல் குறையும்.

துண்டறிக்கை விஷயத்திலும் முந்தைய ஆண்டு தவறியிருந்தோம். பெரிய எழுத்தில் 'அடி வாங்காதே' என்று அச்சிட்ட தாளை எந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோவார்? பாதித் தாள்கள் பேருந்து நிலையத்திலேயே கிடந்தன. இம்முறை உள்ளங்கை அளவு அட்டை. ஒரு பக்கம் மார்த்தாண்டத்திலிருந்து புறப்படும் பேருந்துகளின் நேரம், மறுபக்கம் மின்வாரியம், மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எண்களுக்கு நடுவே 181, மகளிர் உதவி எண். தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும், துழாவுகிறவர்களின் கண்ணில் படாது. இதுவும் குழுவில் ஒருவர் சொன்ன யோசனைதான்.

அந்த ஞாயிறு மழை இல்லை. குழித்துறையில் ஓடும் தாமிரபரணியின் பாலத்தைக் கடந்து, இரண்டிரண்டு பேராகச் சாலையின் இடப்பக்கம் நடந்தோம். மேம்பாலத்தின் அடியில் போனபோது முழக்கம் மேலே மோதித் திரும்பி வந்தது. சின்னப் பிள்ளைகள் அதற்காகவே இன்னும் உரக்கக் கத்தினார்கள். எனக்கு முன்னால் நடந்த ஒருவர், ஒரு கடை வரிசை வந்ததும் கையிலிருந்த பதாகையை இறக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நாலைந்து கடை தாண்டியபின் மீண்டும் தலைக்கு மேல் தூக்கினார். முழக்கத்தை மட்டும் இடையில் நிறுத்தவில்லை. புகைப்படம் எடுக்க வந்தவர்களிடம், பின்னாலிருந்து மட்டும் எடுங்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டது எவ்வளவு அவசியம் என்று அப்போது புரிந்தது. மறுநாள் பத்திரிகையில் வெறும் முதுகுகள்தான் வந்தன. தலைமை அலுவலகத்துக்கு அதில் வருத்தம்.

மேடை இல்லை, பேச்சாளர்கள் இருவர்தான். இரண்டாமவர் 4.25க்கும் முடிக்காததால் நானே போய் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிவிட்டேன். அவருக்குக் கோபம், இப்போதும் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

எல்லாரும் வீடு சேர்ந்ததைக் குழுத் தலைவிகள் 7 மணிக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அலுவலகத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டிருந்தேன். குலசேகரம் பக்கத்து அழைப்புகூட 6.40க்கு வந்துவிட்டது. முந்தைய ஆண்டு அடி வாங்கிய பெண் இருந்த குழுவிலிருந்து மட்டும் 7 மணியாகியும் அழைப்பு இல்லை. நான் மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 7.20க்கு அந்தத் தலைவியே அழைத்தார். மீன்சட்டி கழுவிக்கொண்டிருந்தாராம், கை முழுக்கச் சாம்பல், அதனால்தான் எடுக்கவில்லையாம். எல்லாரும் சேர்ந்தாச்சு, அவளும் சேர்ந்தாச்சு, நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா என்று கேட்டார்.