அயோவாவின் ஆளுநர்

இன்று ஒரு பழைய படம் கண்ணில் பட்டது. 1985. அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டாட்டோடு ஒரு சீன இளைஞர்.

விவசாய முறைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து வந்த சிறு குழுவின் தலைவர் அவர். மஸ்கட்டீன் என்ற ஊரில் ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போய்விட்ட பையனின் அறையில்தான் தங்கினார்.

பெயர் ஷி ஜின்பிங். பின்னாளில் சீன அதிபர் ஆனவர்.

அப்போது அயோவா விவசாயிகள் கடனில் மூழ்கி, நிலத்தை ஏலத்தில் இழந்துகொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடியிலும் எங்கிருந்தோ வந்த குழுவுக்கு ஆளுநர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பிரான்ஸ்டாட்டும் பண்ணையில் வளர்ந்தவர்தான். 36 வயதில் ஆளுநர். 1983 முதல் 16 ஆண்டுகள். அப்புறம் இடைவெளி விட்டு 2011இல் மறுபடியும். மொத்தம் 22 ஆண்டுகளுக்கு மேல். அமெரிக்க வரலாற்றில் வேறு எந்த ஆளுநரும் இவ்வளவு காலம் பதவியில் இருந்ததில்லை.

2012இல் சீனத் துணை அதிபராக ஷி மீண்டும் மஸ்கட்டீன் வந்து பழைய ஆட்களைப் பார்த்தார். 2017இல் பிரான்ஸ்டாட் பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதர்!

அடுத்த வருடமே வர்த்தகப் போர். அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அடி விழுந்தது அயோவா விவசாயிகளுக்கும்தான்.

அத்தனை வருடப் பழக்கமும் அவர்களைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை.