புதிதாகத் தெரியும் பழைய கைக்கடிகாரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் ஒரு பழைய சீகோ 5 தானியங்கிக் கைக்கடிகாரத்தை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். மயில் கழுத்து நிற டயல், கீறலே இல்லாத கண்ணாடி, 'ஜப்பான் தயாரிப்பு, முழுவதும் சர்வீஸ் செய்யப்பட்டது' என்ற விவரம் ஆகியவற்றைப் பார்த்தவன், நாற்பது வயதுப் பொருள் எப்படி இவ்வளவு பளபளக்கும் என்று யோசிக்கவில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பின்தங்கத் தொடங்கியதும், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாகச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு வாட்ச் இல்ல, மூணு வாட்ச்" என்றார்.

போலி என்றால் பெயரை மட்டும் அச்சடித்து விற்கும் மலிவுப் பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த வகையைக் கண்டுபிடிப்பது எளிது. 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று விற்பவரே சொல்லிவிடுகிறார். எனக்கு வந்தது வேறு வகை. வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து, டயலைச் சுரண்டி மறுவண்ணம் பூசி, அசல் என்று விற்கப்படுவது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் சீகோ உறுப்புகளே என்பதால், படத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இயல்பு.

சீகோவைப் பொறுத்தவரை எண்களே நல்ல சாட்சி. பின்மூடியில் இரண்டு பகுதியாக ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள், எடுத்துக்காட்டாக 7009, உள்ளே இருக்க வேண்டிய மெஷினைக் குறிப்பவை. அதே எண் மெஷினிலும் இருக்க வேண்டும். டயலின் கீழ்விளிம்பில், ஆறு மணிக்கு அருகே, மிகச் சிறிய எழுத்தில் இன்னொரு குறியீடு இருக்கும். மறுவண்ணம் பூசியவற்றில் அது பெரும்பாலும் அழிந்திருக்கும் அல்லது மங்கிப் பிசிறடித்திருக்கும். பின்மூடியில் தனியாக உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம், தயாரான ஆண்டின் கடைசி இலக்கம்; அடுத்த குறி மாதத்தைச் சொல்லும். பத்தாண்டு எது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. அந்த மெஷின் எந்தக் காலத்தில் தயாரானது என்பதைக் கொண்டு நாம்தான் கணிக்க வேண்டும். ஆகவே பணம் அனுப்பும் முன்பே பின்மூடி, திறந்த நிலையில் மெஷின், டயலின் அருகாமைப் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

எச்எம்டி விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூடுவதென 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, அப்பாவின் கையில் பார்த்த ஜனதா, பைலட் மாடல்களைத் தேடுவோர் பெருகினர். அந்த ஏக்கத்தை நம்பியே, வண்ணம் பூசிய டயல்கள் 'பயன்படுத்தாத பழைய இருப்பு' என்ற பெயரில் வருகின்றன. எழுத்துகளின் ஓரம் கலங்கியிருக்கிறதா, நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் உள்ளனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்குப் பண இழப்பைவிட வருத்தம் தருவது வேறொன்று. வயதேறிப் பழுத்த ஒரு நல்ல டயல், வாங்குபவரின் கண்ணுக்குப் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுரண்டப்படும்போது, திரும்பக் கிடைக்காத ஒன்று அழிகிறது. நாம் பளபளப்பைக் கேட்கும்வரை அது நிற்காது.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணைய விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் அதற்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து வைத்தால் வாதிட எளிதாக இருக்கும். நான் எடுக்காததால், திறந்த பிறகு நான்தான் உறுப்புகளை மாற்றினேன் என்று விற்றவர் சாதித்தார்.

சென்ற ஆண்டு இன்னொரு சீகோ வாங்கினேன். டயலின் ஓரம் பழுப்பேறியது, கண்ணாடியில் இரண்டு கீறல்கள். நான் கேட்ட படங்களை எல்லாம் விற்றவர் அன்றே அனுப்பினார். பின்மூடியிலும் மெஷினிலும் 7009. வரிசை எண் 2, 8 என்று தொடங்கியது. 1982 ஆகஸ்ட். அதே பெரியவர் எண்ணெய் மட்டும் இட்டு, டயலைத் தொடாமல் மூடித் தந்தார்.