விளக்கைத் தூக்கிப் பார்க்க முடியாதவருக்கு

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்கும் நண்பருக்குப் போன மாதம் இணையதளத்தை மாற்றிக் கொடுத்தேன். பழைய தளத்தைத் திறந்தால் கோபுரப் படம், ஓடுகிற எழுத்து, கடை வரலாறு எல்லாம் வரும், விலை மட்டும் இருக்காது, "விலைக்கு அழைக்கவும்" என்று போட்டிருந்தார். யார் அழைப்பார்கள்? கடைக்கு நேரில் வருபவர் முதலில் விளக்கைத் தூக்கிக் கனம் பார்ப்பார், போனில் பார்ப்பவருக்கு அது முடியாதே. அதனால் படத்துக்குக் கீழேயே உயரம் 24 அங்குலம் என்றும், எடை, விலை, அனுப்பும் செலவு எவ்வளவு என்றும் எழுதினோம். அப்புறம் உச்சியில் இருக்கும் அன்னப்பறவை, தட்டு, தண்டு, பாதம் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, திருகும் மரை தெரிகிற மாதிரி ஒரு படம். புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற விளக்கு என்பதை 'வாங்க' பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்த முதல் ஆர்டரே கல்யாணச் சீருக்கு, ஒரு ஜோடி!