இரண்டு வளைவுகள் ஒட்டாத கதை

வனேடியம் டையாக்சைடு படலம் கைக்கு வந்தபோது ஒரு வாரத்தில் அளந்து முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரல் நகமளவு சஃபையர் துண்டு, அதன்மேல் 100 நானோமீட்டர் தடிமனில் பழுப்பு மஞ்சள் பூச்சு. 68 டிகிரி செல்சியஸ் வாக்கில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத இந்தப் பொருள் திடீரென்று உலோகமாகிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மோரின் என்ற விஞ்ஞானி 1959-இல் சொன்னது இது. கடுங்குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டாம், சூடேற்ற ஒரு ஹாட் பிளேட் போதும். எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

முதலில் இரண்டு கம்பியை சில்வர் பேஸ்ட் வைத்து ஒட்டி மல்டிமீட்டரில் மாட்டினேன். அறைவெப்பத்தில் 3 லட்சம் ஓம். சூடேற்றினால் 1,000 ஓமோடு நின்றுவிட்டது. படலம் மோசம் என்று அதை வளர்த்துக் கொடுத்த சீனியரிடமே போய்ப் புகார் சொன்னேன்.

"எத்தனை கம்பி ஒட்டினே?"

"ரெண்டு."

"நாலு ஒட்டிட்டு வா."

ஊசி முனையால் பேஸ்ட் தொட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு தங்கக் கம்பிகள் ஒட்டினேன். வெளிக்கம்பிகளில் மின்னோட்டம், உள்கம்பிகளில் மின்னழுத்தம். இப்போது சூட்டில் 30 ஓம். அதுவரை நான் அளந்ததில் பெரும்பங்கு என் ஒட்டுகளின் தடைதான்! உலோகம் என்றதும் செம்பை நினைத்துவிடக் கூடாது. இதன் தடைத்திறன் செம்பைவிட நூறு மடங்குக்கும் அதிகம். எலக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருப்பதால், முட்டாமல் ஓடும் தூரம் ஏறக்குறைய அணுக்களின் இடைவெளி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அப்புறம் ஒளி. 1,550 நானோமீட்டர் லேசரைப் படலத்தின் வழியே விட்டு, பின்னால் ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடு வைத்தேன். கண்ணுக்கு நிறம் பெரிதாக மாறவில்லை, ஆனால் டயோடு அளவு சடாரென்று விழுந்தது. சந்தோஷம் சாயங்காலம் வரைதான். வெப்பநிலைக்கு எதிரே வரைந்த ஒளி வளைவும் தடை வளைவும் 10 டிகிரி தள்ளி நின்றன. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளை ஹாட் பிளேட்டில் ஒட்டியிருந்தேன், படலத்தின் பக்கத்தில் அல்ல. இடம் மாற்றி, நிமிடத்துக்கு 1 டிகிரி என்று மெதுவாக ஏற்றி இறக்கினேன். ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை. அது பொருளின் குணம், கவலையில்லை. ஆனால் இரண்டு வளைவுகளுக்கும் இடையில் 3 டிகிரி மட்டும் அசையவே இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை அளந்து அலுத்துப்போய், ஒரு வளைவை 3 டிகிரி நகர்த்திப் பொருத்தியும் வைத்தேன்.

கைடு பார்த்துவிட்டார். திட்டவில்லை. 2007-இல் பாசோவ் என்ற இயற்பியலாளரின் குழுவினர் இதே பொருளை அகச்சிவப்பு நுண்நோக்கியில் எடுத்த படங்களைக் காட்டினார். மாற்றத்தின்போது படலம் முழுதும் ஒரேயடியாக உலோகமாவதில்லை. தெருவில் மழைத்தண்ணீர் போல அங்கங்கே குட்டை குட்டையாகத் தேங்குகிறது. தெருவில் எவ்வளவு இடம் நனைந்திருக்கிறது என்பதைத்தான் ஒளி ஏறக்குறையச் சொல்கிறது. மின்னோட்டம் காகிதக் கப்பல் மாதிரி; குட்டைகள் ஒன்றையொன்று தொட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வழி கிடைத்தால்தான் அதற்கு ஓட்டம். அதனால்தான் அந்த 3 டிகிரி.

நகர்த்திய வளைவை அழித்துவிட்டு, இரண்டையும் அப்படியே ஒரே படத்தில் வரைந்தேன். என் அறிக்கையில் முதலில் வருவது அந்தப் படம்தான்.