வெண்டிக்காயும் வலைத்துண்டும் போதும்

வீட்டில் அச்சுப் பதிக்க வெண்டிக்காயில் தொடங்குங்கள். சற்று முற்றிய காயைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். வெட்டிய முகம் பூப்போல இருக்கும்; கத்தியை அறுத்தறுத்து இழுத்தால் முகம் சாய்ந்து, பாதிப் பூதான் பதியும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி 10 நிமிடம் காயவிடுங்கள். வழுவழுப்பு இருந்தால் வர்ணம் வழுக்கிப்போய் விதைக்குழிகளை அடைத்துவிடும்.

போஸ்டர் கலர் 3 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு, அதற்கு மேல் வேண்டாம். காயை வர்ணத்தில் தோய்க்காதீர்கள். ஈர ஸ்பொஞ்சில் வர்ணத்தைத் தடவி, அதில் ஒற்றி எடுங்கள். முதல் பதிவு அநேகமாகத் திட்டாகவே விழும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் உண்மையான அச்சு.

திருகோணமலைக் கரையில் கிடக்கும் கிழிந்த நைலோன் வலைதான் இதில் மிக அழகானது. நன்னீரில் இரண்டு தரம் அலசுங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்து வர்ணத்தைப் பிசுபிசுக்க வைக்கும். காய்ந்ததும் தடித்த அட்டையில் இறுக்கிச் சுற்றி, வர்ணம் ஒற்றி, மேலே கடதாசியை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேயுங்கள். ஒவ்வொரு முடிச்சும் தனிப் புள்ளியாகத் தெரியும்.

பூவரசம் இலைக்கு அடிப்பக்கத்தில் வர்ணம் பூசுங்கள், நரம்பு அங்கேதான் புடைத்திருக்கும். கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் நாட்களில் அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். ஒவ்வொரு தேக்கரண்டியாக ஊற்றிக்கொள்ளுங்கள்.