அத்தை கண்டுபிடித்த ஏபிஎஸ் கோளாறு

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் புளோக்கின் பலமாடிக் கார் பார்க்கில் யாராவது பானட்டைத் திறந்தால் போதும், கருத்துச் சொல்ல ஆள் கூடிவிடும். கோளாறு என்னவென்று தெரியாவிட்டாலும் தீர்வு எல்லோரிடமும் இருக்கும்.

என் பழைய ஜப்பான் கார் பத்து வயதைத் தாண்டி, சிஓஇ என்ற கார் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வயதானால் வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன். அதற்குத் தேதி நெருங்கும் நேரம் பார்த்துத்தான் டேஷ்போர்டில் மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு, அதாவது பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பின் விளக்கு, எரிந்தது. டாக்சி ஓட்டும் சீன அங்கிள் எட்டிப் பார்த்து, “கறுப்பு டேப் ஒட்டு லா, தெரியாது” என்றார். எதிர் லாட்டில் நிறுத்தும் மலாய்க்காரப் பெரியவர் பேட்டரி வீக் என்றார். அது அப்படியொன்றும் அபத்தமில்லை, மின்னழுத்தம் குறைந்தாலும் இந்த விளக்கு வரும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைத் தொடாமலே “ஏபிஎஸ் பம்ப் போச்சு, மாத்தணும்” என்று ஒரு தொகை சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சறுக்கலைத் தடுக்கும் உதவிதான் கிடைக்காது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் வந்தால் காரை ஓரம் கட்டிவிட வேண்டும். நமக்கு மஞ்சள்தான். பிரேக் ஆயில் அளவு சரி, ஃபியூஸ் சரி, பேட்டரியும் சரி. ஆனால் இந்த விளக்குக்கு ஒரு குணம் இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கும்போது எரிந்துகொண்டிருக்கும். நடுவில் எப்போது வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

பிடித்தது என் மாமியார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். கார் பார்க்கின் சுற்றுப்பாதையில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். வெளியே பார்க்காமல் ஏதாவது ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று மனைவி சொல்லிவைத்திருந்தாள். அவர் தேர்ந்தெடுத்த இடம் என் டேஷ்போர்டு.

“மாப்பிள்ளை, நாலாவது மாடி வளைவு வந்தாத்தான் அந்த மஞ்சள் லைட்டு வருது. கீழ இறங்கும்போது வர்றதில்லை.”

ஏறும்போது வலப்பக்கமாகவே வளைகிறோம், இறங்கும்போது இடப்பக்கம். மறுநாள் சாலையில் ஒரு யூ-டர்னில் ஸ்டீயரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தேன், வந்துவிட்டது விளக்கு. பம்பாவது மண்ணாங்கட்டியாவது!

கார் பார்க்கில் சக்கரத்தைக் கழற்றி உட்கார முடியாது என்பதால் யோ சூ காங்கில் இருக்கும் சகலையின் தரைவீட்டுக்குப் போனோம். அத்தையும் வந்தார், தன் கண்டுபிடிப்பு ஆயிற்றே. காரில் செருகினால் கோளாறு எண்ணைப் படித்துச் சொல்லும் என்னுடைய மலிவு ஓபிடி கருவி என்ஜின் கோளாறுகளை மட்டும் படித்துவிட்டு எல்லாம் நலம் என்றது. ஏபிஎஸ் கோளாறின் எண் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும், அதைப் படிக்க வேறு ஸ்கேனர் வேண்டும். சகலையிடம் இருந்தது. சி0035 என்று வந்தது. இடது முன்சக்கர வேக சென்சார்.

ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த ஒரு வளையம் சுழலும், பக்கத்தில் சென்சார் அதன் வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கும். பிரேக் மிதிக்கையில் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் அதன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ். 1978இல் பாஷ் நிறுவனம் பென்ஸ் எஸ்-கிளாஸுக்குக் கொடுத்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். முன்சக்கர சென்சாரின் ஒயர், ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும். பல வருடம் மடங்கினால் மேலுறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து மாட்டினேன். (பழைய ரக சென்சார் என்பதால் இது சரி. புதிய கார்களில் வரும் ஆக்டிவ் சென்சாரை இப்படிச் சோதிக்கக் கூடாது.) மீட்டரைப் பிடிக்க ஆள் வேண்டும். சகலை ஃபோனில் வீடியோ பார்த்து எனக்கு வழிகாட்டுவதில் மும்முரமாக இருந்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினேன். கிரகப்பிரவேசத்தில் மொய் வாசிப்பது போல அவர் குரல் வந்தது.

“ஆயிரத்து நூத்து எண்பது... எண்பது... எண்பத்தி ரெண்டு... எண்பது...”

வலது கோடிக்குப் போனதும் ஒரு அலறல்.

“நம்பர் போச்சு மாப்பிள்ளை! நான் ஒண்ணும் தொடலை, சத்தியமா தொடலை!”

தெருவே திரும்பிப் பார்த்தது. ஒயர் அறுந்திருப்பது உறுதியானதில் எனக்கு வந்த சந்தோஷத்தை அவர் நம்பவே இல்லை. மீட்டரைக் கெடுத்துவிட்டோம், பாவம் மாப்பிள்ளை நாகரிகமாக மறைக்கிறார் என்றே நினைத்தார். மூன்று முறை திருப்பிக் காட்டிய பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

மற்றது சுருக்கம். ஒயரோடு சேர்ந்த புது சென்சார் ஒன்றை உதிரிபாகக் கடையில் வாங்கினேன். பழையது ஒரே ஒரு பத்து எம்எம் போல்ட்டில்தான் நின்றது. குழியில் இறுகியிருந்ததால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, அசைத்து அசைத்து எடுத்தேன். முறுக்கி இழுத்தால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். புது ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே, திரும்புவதற்குத் தொய்வு விட்டு மாட்டினேன். சகலையின் வீடியோவில் இருந்தது வேறு கார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து ஏழாவது மாடி வரை ஏறச் சொன்னார். தலை சுற்றல் எங்கே போனதோ! விளக்கு வரவில்லை. “எதுக்கும் இன்னொரு தடவை” என்றார்.

கீழே டாக்சி அங்கிள் விஷயத்தைக் கேள்விப்பட்டுக் காத்திருந்தார். அவர் காரில் திரும்பும்போது டக் டக்கென்று சத்தமாம், ஆன்ட்டியிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அத்தை யோசிக்கவே இல்லை. “எந்தப் பக்கம் திருப்பும்போதுன்னு முதல்ல கேளுங்க.”